யார் ஏறலாம், எங்கே நிற்கும்?

ஓர் ஊரின் பெருமையை அளப்பதற்குப் பல அளவுகோல்கள் உண்டு. கோயில் கோபுரத்தின் உயரம் ஒன்று. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களின் தொகை மற்றொன்று. ஊரிலே பிறந்து வெளியூரிலே உத்தியோகம் வகிப்போரின் பட்டியல் வேறொன்று. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பெண் கொடுக்க வந்தவர்கள் நெடுங்காலமாக இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்: "உங்க ஊர்லே பஸ் நிக்குமா?" நிற்கும் என்றால் முகம் மலரும். மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டும் என்றால், மாப்பிள்ளை பி.ஏ. பரீட்சையில் தேறியவராயிருந்தாலும், ஜாதகத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுமென்று சொல்லி எழுந்து விடுவார்கள்.

நாம் கங்கைகொண்டானைச் சேர்ந்தவர்கள். ஆதலால் இந்தக் கேள்வியின் கூர்மை நமக்கு நன்றாகத் தெரியும். திருநெல்வேலிக்கு வடக்கே சுமார் பத்து மைல் தூரத்தில், சிற்றாற்றங்கரையில், மதுரைக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டி இருக்கிறது நம் ஊர். கங்கை வரையில் படை நடத்திய சோழனின் விருதுப் பெயரைத் தாங்கியிருக்கிறது. கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. புள்ளிமான்கள் மேயும் காடு இருக்கிறது, 2013-ல் அதைச் சரணாலயமாகவும் ஆக்கினார்கள். கங்கையையே கொண்ட ஊருக்கு ஒரு பஸ்ஸைக் கொள்வது பெரிய காரியமா என்று நேயர்கள் நினைக்கலாம். பெரிய காரியந்தான். கங்கை தானாக ஓடுகிறது. பஸ்ஸை யாராவது ஓட்ட வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதைப் பொறுத்தே அது எங்கே நிற்கும், யாரை ஏற்றும் என்பதெல்லாம் தீர்மானமாகின்றன. ஆகவே நம் பக்கத்து மோட்டார் கம்பெனிகளின் கதையை லாப நஷ்டக் கணக்காகப் பார்க்காமல் இந்த இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் வந்தது ரயில். 1876-ல் மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப் பாதை போட்டார்கள். பாதை நம் நிலத்தில், கம்பெனியோ லண்டனில். சிற்றாற்றங்கரையில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்பது என்பதைத் தேம்ஸ் நதிக்கரைத் துரைமார்களுக்காக இங்கே இருந்த சில துரைமார்கள் தீர்மானித்தார்கள். குறை சொல்வதற்கில்லை, அவர்கள் ரயில் போட்டது கங்கைகொண்டான் சம்சாரி தம் வெண்டைக்காயைச் சந்தைக்குக் கொண்டு போவதற்காக அல்ல. பஞ்சும் தானியமும் தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரவேண்டும்; சிப்பாய்கள் சீக்கிரம் வரவேண்டும். வழியிலே நாமும் ஏறிக்கொண்டோம்.

கடலிலும் கதை இதுதான். அதை மாற்றுவதற்காகவே 1906-ல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். எதிரியான வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் இனாமாக ஏற்றிக்கொண்டு போய் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னது என்று நம் பக்கத்தில் இன்றும் கதை சொல்வார்கள். குடை வாங்கியவர்கள் எத்தனை பேரோ! 1908-ல் பிள்ளையவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். தலைவர் இல்லாத கம்பெனி தள்ளாடி வீழ்ந்தது. 1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். மணியாச்சி நம் ஊரிலிருந்து ரயிலில் சிறிது நேரப் பிரயாணம். அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கடல் வழி நம் கையை விட்டுப் போயிற்று. ரயில் வழி ஒரு நாளும் நம் கைக்கு வந்ததில்லை. மிஞ்சியது மண் சாலை. அதே 1911-ல் திருநெல்வேலி ஜில்லா திருக்குறுங்குடியில் பிறந்த ஸ்ரீ டி. வி. சுந்தரம் ஐயங்கார், பார்த்து வந்த உத்தியோகங்களை உதறிவிட்டுத் தம் பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அடுத்த வருஷம் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது. பிற்பாடு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்பாண்டி நாடெங்கும் அவருடைய வண்டிகள் பரவின. மேற்கே கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஸ்ரீ ஜி. டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு வண்டியைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்து, பதினைந்து வருஷத்துக்குள் இருநூறு வண்டிகளுக்கு மேல் சேர்த்துவிட்டார்.

இதிலுள்ள விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். கப்பலுக்குப் பத்து லட்சம் வேண்டியிருந்தது. ரயிலுக்குக் கோடிகள் வேண்டும், சர்க்காரின் தயவும் வேண்டும். மோட்டாருக்கோ இரண்டு வயலையும் வீட்டுக்காரியின் காசுமாலையையும் அடகு வைத்தால் போதும். சாலை ஏற்கனவே இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமும் வந்து இறங்கும். நம் ஊர்த் தச்சர் மேலே மரக்கூடு கட்டுவார். பெயிண்டர் முன்நெற்றியில் முருகன் பெயரையோ அம்மன் பெயரையோ எழுதுவார். தேங்காய் உடைத்தால் கம்பெனி பிறந்துவிடும். வ. உ. சி. கடலில் காண நினைத்த காட்சி, அவர் நினைத்திராத உருவத்தில், புழுதிச் சாலையில் வந்து சேர்ந்தது. இந்தப் பஸ் முதலாளிகளில் அநேகர் தேசபக்தர்கள் அல்லர் என்பது வாஸ்தவம். கலெக்டர் துரைக்கு மாலை போட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்நியக் கம்பெனியின் வருமானத்தை அவர்கள் அளவுக்குக் குறைத்தவர்கள் வேறு யாருமில்லை.

இந்தச் சிறு கம்பெனிகளின் முறை விநோதமானது. வண்டி நிறைந்தால் புறப்படும், நிறையாவிட்டால் புறப்படாது. புறப்படுகிற மாதிரி பத்து கஜம் போய், மறுபடியும் பின்னால் வந்து நிற்கும் வித்தையை அந்தக் கால டிரைவர்கள் அபாரமாகக் கற்றிருந்தார்கள். ஒரே சாலையில் இரண்டு கம்பெனிகள் ஓடினால் பிரயாணிக்கு யோகம். ஒருவன் எட்டணா என்பான். இன்னொருவன் ஆறணா என்பான். மூட்டையை ஒருவன் பிடித்து இழுக்க, மூட்டைக்குரியவரை மற்றவன் இழுத்துக்கொண்டு போவான். எங்கே கையைக் காட்டினாலும் வண்டி நிற்கும். புளியமரத்தடி, சுமைதாங்கிக் கல், களத்துமேடு, எல்லாம் ஸ்டேஷன்தான். "எங்கே நிற்கும்?" என்ற நமது கேள்விக்கு அந்தக் காலம் சொன்ன பதில் "எங்கும் நிற்கும்" என்பதே. ஆனால் அதற்குள்ளே ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. கையில் காசு உள்ளவர்கள் நின்றால் நிற்கும். சாலையை விட்டு நாலு மைல் தள்ளியிருந்த கரிசல்காட்டுக் கிராமங்களுக்கு அந்த வண்டிகள் போகவே இல்லை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் ஏறலாம்?

காசு கொடுத்தவர்களெல்லாம் ஏறலாம் என்று இன்று நாம் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு நிலை அப்படியில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்று தெரிந்தால் ஏற்ற மறுத்த வண்டிகள் நம் பக்கத்தில் ஓடின. ரயில் வண்டி அந்நியனுடையதுதான். ஆனால் அதன் மூன்றாம் வகுப்பில் யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். சுதேசி பஸ்ஸிலோ சுதேசி வழக்கமும் கூடவே ஏறி உட்கார்ந்துகொண்டது! 1928-ல் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரான ஸ்ரீ டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் இதற்கு ஒரு முடிவு கட்டினார். அக்காலத்தில் பஸ்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஜில்லா போர்டின் வேலை. ஆதி திராவிடர்களை ஏற்ற மறுக்கும் வண்டியின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவு போட்டார். கோயில் கதவு நம் ராஜதானியில் திறப்பதற்கு அதன் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பஸ்ஸின் கதவு முன்னதாகத் திறந்துகொண்டது. நூறு பிரசங்கங்களால் ஆகாத காரியம் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தினால் ஆனது. சென்னையில் தியாகராய நகரத்துப் பாண்டி பஜாருக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். புடவை வாங்கப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. நம் பக்கத்து பஸ் பிரயாணிகளுக்காவது தெரிந்திருக்கலாம்.

இதற்கிடையில் ரயில்வே கம்பெனிகள் புலம்பத் தொடங்கின. பக்கத்து ஊருக்குப் போகிற பிரயாணிகளையெல்லாம் பஸ்காரர்கள் வாரிக்கொண்டு போகிறார்களே என்பது அவர்களுடைய துக்கம். இந்திய சர்க்கார் மிட்செல், கிர்க்நெஸ் என்ற இருவரை நியமித்து விசாரித்தது. அவர்களுடைய அறிக்கை 1933-ல் வந்தது. இந்தப் புலம்பலும் ஒரு காரணமாகத்தான் 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. அன்று முதல் பர்மிட் இல்லாமல் பஸ் இல்லை. எந்தச் சாலை, எத்தனை வண்டி, எந்த மணிக்கு, என்ன கட்டணம் எல்லாம் காகிதத்தில் ஏறின. கட்டுப்பாடில்லாத போட்டி நின்றது நல்லதுதான். ஆனால் பர்மிட் என்ற அந்தக் காகிதம் நிலத்தைவிட உயர்ந்த சொத்தாகிவிட்டது. அதற்காகக் கம்பெனிகள் ஒன்றோடொன்று வழக்காடின. சுதந்திரத்துக்குப் பிறகு கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் கம்பெனியின் பர்மிட் வழக்குகள் டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ச் சட்டப் புஸ்தகங்களில் இடம் பெற்றன.

சட்டம் வந்த அதே வருஷத்தில் மகாயுத்தமும் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் எண்ணெய் போயிற்று. மலேயா போனதும் ரப்பர் போயிற்று. பெட்ரோலுக்குப் பங்கீடு. அப்பொழுது புறப்பட்டது கரி பஸ். இன்று எண்பதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், உடனே இருமிக் காட்டுவார்கள்!

வண்டியின் பின்புறத்தில் ஓர் இரும்பு உருளை. அதில் மரக்கரியைக் கொட்டிப் பற்ற வைப்பார்கள். தாராளமாகக் காற்று விட்டால் கரி எரிந்து சாம்பலாகிவிடும்; அளவாகக் காற்று விட்டால் எரியக்கூடிய வாயு ஒன்று உண்டாகும். அதை வடிகட்டிக் குளிர வைத்து எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். இதற்காகக் கிளீனர் பையன் விடியற்காலையில் எழுந்து, துருத்திச் சக்கரத்தைக் கால் மணி, அரை மணி நேரம் சுற்றுவான். எஞ்சின் ஒரு தரம் தும்மும், இரண்டு தரம் தும்மும், மூன்றாவது தும்மலில் பிரயாணிகள் எல்லோரும் ஒரே குரலில் "முருகா!" என்பார்கள், வண்டி கிளம்பும். பெட்ரோலில் இருந்த வலு கரிவாயுவில் இல்லை. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இறங்கித் தள்ளியவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று நம் பாட்டனார் ஒரு கண்டக்டரைக் கேட்டாராம். "உண்டு, ஆனா ஏறி உக்காந்து வந்த தூரத்துக்கு மட்டும் இல்லை" என்று பதில் வந்ததாம். சுந்தரம் ஐயங்காரின் கம்பெனி இந்தக் கரிவாயுக் கருவியைத் தானே செய்து மற்றவர்களுக்கும் விற்றது. பெட்ரோல் இல்லையென்று கையைக் கட்டிக்கொண்டிராமல் கரியைக் கொண்டு தேசத்தை நகர்த்தினார்களே, அதை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

அந்தக் கம்பெனியைப் பற்றி நம் பக்கத்தார் பேசும்போது குரலிலே ஒரு மரியாதை வரும். வண்டி வந்தால் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். சாலையிலே கிடக்கும் மாட்டு லாட ஆணிகள் டயரைக் குத்தாமலிருக்கக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை விட்டு அவற்றைப் பொறுக்கி எடுப்பார்களாம். முதலாளியின் குமாரி ஸ்ரீமதி சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்து, டாக்டராகிப் பின்பு மகாத்மாவின் ஆசியுடன் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனை மணந்து, 1947-ல் காந்திகிராமத்தை நிறுவினார். காந்திகிராமத்தைப் பார்க்கப் போன நம் உறவினர் ஒருவர், "பஸ் வந்தால் ஊர் விழிக்கும் என்று நினைத்திருந்தேன், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்தால்தான் விழிக்குமென்று அந்த அம்மாள் கண்டுகொண்டார்" என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனியார் கம்பெனிகள் இவ்வாறு கொழித்துக்கொண்டிருக்கையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் வேறொரு யோசனை நடந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தார் லண்டன் போக்குவரத்து போர்டிலிருந்து ஸால்ட்டர் என்பவரை அழைத்து வந்து, 1938 பிப்ரவரி 20-ந் தேதி திருவனந்தபுரத்தில் சர்க்கார் பஸ்ஸை ஆரம்பித்தார்கள். நாகர்கோவில் வரை, கன்னியாகுமரி வரை ராஜாங்கத்து வண்டி! திருநெல்வேலியிலிருந்து போகிறவர்களுக்கு ஆரல்வாய்மொழியில் சுங்கச் சோதனை முடிந்தால் அப்பால் எல்லாம் மகாராஜாவின் வண்டிதான். நாஞ்சில் நாட்டுக்கு அன்று ரயில் கிடையாது. 1981-ல்தான் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் ஓடியது. ஆகவே அந்தச் சீமைக்கு பஸ்தான் ரயில், பஸ்தான் கப்பல். 1956-ல் கன்னியாகுமரி ஜில்லா தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது இந்தச் சர்க்கார் பஸ்களும் சீதனம்போல் கூடவே வந்து சேர்ந்தன.

சென்னைப் பட்டணத்தில் 1895 முதல் டிராம் ஓடியது. தனியார் பஸ்கள் அதன் பக்கத்திலேயே போட்டி போட்டன. சுதந்திரம் வந்த 1947-ல் சர்க்கார் அங்கே பஸ் ஓட்டத் தொடங்கி, விரைவில் தனியார் வண்டிகளை நகரை விட்டே அகற்றிற்று. 1953-ல் டிராமும் நின்றது. இலங்கையில் 1958 ஜனவரி முதல் தேதியன்று எல்லா பஸ் கம்பெனிகளையும் ஒரே நாளில் தேசிய மயமாக்கினார்கள். இங்கே அவ்வளவு அவசரம் இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பர்மிட் வைத்திருந்த பெரிய கம்பெனிகளை எடுத்துக்கொள்ளச் சட்டம் 1971-ல் வந்தது. 1972-ல் சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் என்று கழகங்கள் தோன்றின. மூவேந்தரும் பல்லவரும் சண்டையில்லாமல் ஏககாலத்தில் ஆண்டது தமிழ் நாட்டுச் சரித்திரத்தில் அந்த ஒரு சமயம்தான். ஐயங்காரின் பஸ்கள் பாண்டியனிடம் போயின. ராமன் அண்டு ராமன் சோழனிடம் ஐக்கியமாயிற்று. சிறு முதலாளிகள் தப்பினார்கள். அவர்களுடைய வண்டிகளும் வாரிசுகளும் இன்றும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பஸ்ஸை இழந்த டி. வி. எஸ். குடும்பத்தார் 1980-ல் ஒரு சிறு மொபெட்டோடு திரும்பி வந்தார்கள். பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் அது போயிற்று, முன்னால் அரிசி மூட்டையும் பின்னால் வீட்டுக்காரியுமாக.

1974 ஜனவரி முதல் தேதியன்று பாண்டியனிலிருந்து பிரிந்து திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. இந்தப் பெயர் நமக்கு எவ்வளவு அந்தரங்கமானது என்பதைச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு வடக்கே அதே சாலையில் அடுத்தாற்போல் உள்ள பெரிய ஊர் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ம் தேதி கும்பினியார் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அங்கேதான். நூற்றெழுபத்தைந்து வருஷம் கழித்து, அந்தத் தூக்குமரம் நின்ற இடத்தைக் கடந்து, அவர் பெயரை எழுதிய வண்டிகள் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போய் வந்தன. தனியார் போகாத கரிசல்காட்டுக் கிராமங்களுக்கும் அவர் பெயரைத் தாங்கிய வண்டி போயிற்று. லாபமில்லாத வழியிலும் ஓட வேண்டும் என்று ஒரு கம்பெனியிடம் சொல்ல முடியாது. சர்க்காரிடம் சொல்லலாம், சண்டையும் போடலாம். சாயங்கால வண்டி ஒன்று ஊருக்குள் வந்துவிட்டால், பத்தாவது வரையில் படிக்கப் போகும் பெண் பிள்ளைகளின் தொகை எப்படி ஏறுகிறது என்பதைக் கிராமத்து வாத்தியார்களைக் கேட்டால் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே தேசிய மயம் சரியான காரியம் என்பது நம் அபிப்பிராயம். கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளும் பாக்கியம் அதோடு போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆனால் பெயர் வைப்பதில் ஒரு கண்டம் காத்திருந்தது. 1997-ல் விருதுநகர் ஜில்லாவுக்கென்று ஒரு புதுக் கழகம் அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை இட்டார்கள். சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் படைத் தளபதி. அதே யுத்தத்தில் அதே எதிரியோடு போராடி உயிர் கொடுத்தவர். தேவேந்திரர் குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்தவர் பெயர் எழுதிய வண்டியில் நாங்கள் ஏற மாட்டோம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். கலகம் மூண்டது; வண்டிகள் மேல் கல் விழுந்தது; உயிர்கள் போயின. முடிவில் சர்க்கார் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது. சுந்தரலிங்கம் இறங்கினார், கட்டபொம்மனும் இறங்கினார், சேர சோழ பாண்டியரும் இறங்கினார்கள். அந்த வருஷம் நம் ஊர் வழியாகப் போன வண்டிகளின் பக்கவாட்டில் பழைய எழுத்துக்களின் மேல் புது வர்ணம் பூசியிருந்தார்கள். வெயில் சாய்வாக அடிக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் "கட்டபொம்மன்" மங்கலாகத் தெரியும்.

எழுபது வருஷத்துக்கு முன் ஒரு ஜில்லா போர்டு தலைவர், யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று உத்தரவு போட்டார். அவருடைய உத்தரவு நடந்த அதே சீமையில், வண்டியின் நெற்றியில் யார் பெயர் இருந்தால் ஏற மாட்டோம் என்று சொல்லும் நாளும் வந்தது. பக்கத்தில் உட்காருவதற்கு நாம் பழகியிருக்கிறோம். வேறென்ன பழகியிருக்கிறோம் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். ஏனெனில் காலம் அதையும் தலைகீழாக்கிவிட்டது. சாலை நாலு வரிசையாக அகன்றது. அகன்ற சாலையில் வேகமாகப் போகாமலிருக்க வண்டிக்கு மனம் வருமா? "இடைநில்லா" என்ற ஒரு சொல்லைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வண்டிகள் பறக்கின்றன. கங்கைகொண்டான் அவர்களுக்கு ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். தெற்கே நாங்குநேரி ஜனங்களும் வண்டிகள் ஊருக்குள் வராமல் வெளியே போய்விடுகின்றன என்று வெகுகாலமாக முறையிட்டு வருகிறார்கள். ஒரு நாள் மதுரை பஸ் நிலையத்தில் நாம் கண்ட சம்பாஷணை இது:

"கங்கைகொண்டான் நிக்காது ஆச்சி. பின்னால சாதா வண்டி வருது, அதுல ஏறுங்க."

"நிக்க வேண்டாம்யா. நீ கொஞ்சம் மெல்லப் போனாப் போதும், நான் இறங்கிக்கிடுதேன்."

"நல்லாச் சொன்னீய! நீங்க விழுந்தா ஒங்க பிள்ளைக எம்மேல கேஸ் போடுவாவ."

"எம் பிள்ளைக என்னைத் தேடி வந்தாத்தானய்யா கேஸ் போடுததுக்கு!"

கண்டக்டர் சிரித்துவிட்டார். ஆனாலும் ஏற்றவில்லை. சட்டம் அவர் பக்கம்.

நம் ஊரில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. டிராக்டர்களுக்கும் விவசாய யந்திரங்களுக்கும் டயர் செய்து வெளிதேசங்களுக்கு அனுப்பும் தொழிற்சாலை இருக்கிறது. டயருக்குத் திண்டாடிய யுத்த காலத்துப் பஸ் முதலாளிகள் எழுந்து வந்து பார்த்தால் பொறாமைப்படுவார்கள். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடுகள் செய்யும் பெரிய ஆலையை 2025 பிப்ரவரியில் திறந்து வைத்தார்கள். அதில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஷிப்டு முடிந்தால் ஆலையின் சொந்த பஸ்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அவை நம் ஊரில்தான் புறப்படுகின்றன. நாம் ஏற முடியாது. யார் ஏறலாம் என்ற கேள்விக்குக் கழுத்தில் அட்டை தொங்குகிறவர் ஏறலாம் என்பது புதுப் பதில்.

கயத்தாற்றை ஒட்டிச் சாலைப்புதூரில் ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. இந்த ராஜதானியில் ஜில்லா போர்டுகள் வைத்திருந்த சுங்கச்சாவடிகளை 1931-ல் ஒழித்து, அதற்குப் பதில் மோட்டார்களின் மேல் வரி போட்டார்கள். ஒழிந்தது வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. அரசு பஸ்கள் சாலைப்புதூர், நாங்குநேரி, கப்பலூர், எட்டூர்வட்டம் ஆகிய நாலு சாவடிகளுக்கும் 276 கோடி ரூபாய் பாக்கி வைத்திருப்பதாக வழக்கு. அவற்றை ஜூலை 10 முதல் சாவடி வழியே விடக் கூடாது என்று 2025-ல் ஹைக்கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். சர்க்கார் தவணை கேட்கவே உத்தரவு தள்ளி வைக்கப்பட்டது. ஒரு வாரம் வரை நம் ஊரில் இதே பேச்சு. கும்பினியார் கட்டபொம்மனிடம் கிஸ்தி கேட்டதும் இந்தப் பக்கத்தில்தானே என்றார் ஒரு நண்பர். அவர் எதற்கெடுத்தாலும் கட்டபொம்மனை இழுப்பவர். ஆனாலும் அன்றைக்கு நாம் மறுத்துப் பேசவில்லை.

பாக்கி ஏறுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் நாம் குறையாகச் சொல்லமாட்டோம். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணம் இல்லை. அதற்குரிய பணத்தைச் சர்க்கார் கழகங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. தனியார் வண்டிகளுக்கு இந்த விதி இல்லை. ஆகவே நிறுத்தத்தில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து வந்தால் ஆண்கள் முதல் வண்டியில் ஏறுகிறார்கள்; பெண்கள் சர்க்கார் வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். கீரைக்கட்டும் மோர்ப்பானையும் கொண்டு ஜங்ஷனுக்குப் போகிறவர்களுக்கு, போக வர ஆகும் பணம் என்பது அன்றைய லாபத்தில் பாதி. இப்போது அந்தப் பாதி வீட்டுக்கு வருகிறது. ஒரு வேலையுமில்லாமல் மகளைப் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்புகிறவர்களும் உண்டு. கணவனிடம் சில்லறை கேட்காமல் நெல்லையப்பரைத் தரிசித்து வந்ததாக ஓர் அம்மாள் நம்மிடம் சொன்னபோது, அவர் முகத்தில் இருந்தது பக்திதான் என்று சாதிக்க நாம் தயாராயில்லை.

கட்டணம் இல்லையென்றாலும் கண்டக்டர் சீட்டுக் கொடுக்கிறார். அதை அவர்கள் வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். காசு கொடுக்காத சீட்டை இவ்வளவு பத்திரமாக முடிவானேன் என்று ஒருவரிடம் கேட்டோம்.

"செக்கர் ஏறுனா என்னத்தக் காட்ட, அண்ணாச்சி?" என்றார் அவர்.